மழை என்று பதிவான பதில்

முந்தாநாள் நீ டெல்லியிலிருந்து பேசிக்கொண்டிருந்தபோது, "கடையில ஆள் நிக்குது, அப்புறம் பேசுதேன்லே" என்று சொல்லிப் பாதியில் போனை வைத்துவிட்டேன். நம் விதைக் கடையில் ஒருவரும் இல்லை. உன் அப்பா சாப்பிடப் போயிருந்தார். நான் மட்டும் உட்கார்ந்து வெண்டை விதைப் பாக்கெட்டுகளைத் தேதி பார்த்துப் பிரித்துக்கொண்டிருந்தேன். வேலையில் சேர்ந்து இரண்டு வாரம்கூட ஆகாத உன் குரலில் அப்படி ஒரு துள்ளல். "அம்மா, இங்க புதுசா சேர்ற ஜூனியர் எல்லாருக்கும் குறுக்கு விசாரணை எப்படிப் பண்ணணும்னு காட்ட ஒரு பழைய கேஸ் பதிவை வாசிக்கக் கொடுக்காங்க. யாரோடதுன்னு நினைக்க? உன்னோடதும்மா, அந்தத் தார்ப்பாய் கேஸ்!" என்றாய். பிறகு அதில் நான் கேட்ட கேள்வி ஒன்றை, நான் கேட்ட ஆங்கிலத்திலேயே நாடகம்போல் சொல்லிக் காட்டினாய். அருவியில் குளிக்க வந்தவருக்கு மழையில் நனைய என்ன பயம் என்ற அந்தக் கேள்வி. ஒரே கேள்வியில் சாட்சியை உட்கார வைத்துவிட்டார் என்று உன் சீனியர் சொன்னாராம். நீ சிரித்தாய். அதற்குமேல் என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

போன வருடம் நீ வேறொன்று கேட்டாய். "நல்லா போயிட்டு இருந்த பிராக்டீஸை விட்டுட்டு ஏம்மா தென்காசி கோர்ட்டுல வாடகை கேஸும் பாதைத் தகராறும் பாத்துக்கிட்டு இருக்க?" என்று. முழங்கால் வலி, இனி விமானம் ஏறி இறங்க முடியாது என்றேன். முழங்கால் வலி இருப்பது நிஜம்தான். அது காரணமில்லை. இரண்டுக்கும் சேர்த்து இப்போது பதில் எழுதுகிறேன். உனக்குத் தெரிந்த சட்டத்தையும் அங்கங்கே விளக்கி எழுதியிருந்தால் எரிச்சல்படாதே. தபாலில் போடுமுன் உன் அப்பாவிடம் வாசிக்கக் கொடுக்கப் போகிறேன். அவருக்கும் இதில் பாதிதான் தெரியும்.

ஆய்க்குடியில் நெல் பயிரிட்ட குடும்பத்திலிருந்து சட்டம் படிக்கப் போன முதல் ஆள் நான் என்பது உனக்குத் தெரியும். சென்னையில் ஜூனியராகச் சேர்ந்த இடத்தில் கொலை வழக்கோ சொத்து வழக்கோ கிடையாது. பங்குச் சந்தை வழக்குகள்தான். ஆளே இல்லாத வழக்குகள், காகிதம் மட்டும்தான் என்று கூடப் படித்தவர்கள் கேலி செய்வார்கள். எனக்கு அந்தக் காகிதம் பிடித்துப் போயிற்று. ஒருமுறை, கம்பெனி ரகசியத்தை முன்கூட்டியே தெரிந்துகொண்டு பங்கு வாங்கினார் என்று ஒரு பொறியாளர்மேல் குற்றச்சாட்டு வந்தது. ரகசியம் பேசியதாகச் சொன்ன தொலைபேசி அழைப்பு, அவர் பங்கு வாங்கி பதினோரு நிமிடம் கழித்துத்தான் வந்திருந்தது. ஆயிரக்கணக்கான பக்கங்களுக்கு நடுவில் அந்தப் பதினோரு நிமிடத்தைக் கண்டுபிடித்தது நான். அந்த மனிதர் மும்பையில் தீர்ப்பாயத்தின் படிக்கட்டில் நின்று, பேச முடியாமல் கையெடுத்துக் கும்பிட்டார். அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை நான் இன்றும் குறைத்துச் சொல்ல மாட்டேன். அது நல்ல வேலை. தேதியும் நேரமும் என் கண்ணிலிருந்து தப்பாது என்று பெயர் வாங்கினேன். போட்டிச் சட்டம் வந்து, வியாபாரிகள் கூடிப் பேசி விலை வைப்பது குற்றம் என்று வழக்குகள் தொடங்கியபோது, பெரிய கம்பெனிகள் என்னைத் தேடி வந்ததும் அந்தப் பெயரால்தான். நீ இங்கே அப்பாவோடு வளர்ந்தாய். நான் வெள்ளிக்கிழமை ரயில் ஏறி சனிக்கிழமை காலை வந்து, ஞாயிறு சாயங்காலம் திரும்பிப் போகும் அம்மாவாக இருந்தேன்.

இனி அந்த வழக்கு. கட்சிக்காரரின் பெயரை உன்னிடமும் சொல்ல மாட்டேன். சொல்லாமலே எழுத முடியும், ஏனென்றால் நான் எழுதப் போவது அவருடைய ரகசியத்தை இல்லை. கிடங்குகளில் நெல் மூட்டையை மூடத் தார்ப்பாய் செய்து விற்கும் நான்கு கம்பெனிகள். எந்த டெண்டரில் யார் குறைந்த விலை கேட்பது, மற்ற மூவரும் எவ்வளவு கூட்டிக் கேட்டு ஒதுங்குவது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டார்கள் என்பது புகார். அவற்றில் பெரிய கம்பெனிக்கு நான் வக்கீல். எதிர்த்தரப்பில் பலமான சாட்சி ஒருவர்தான். கனகராஜ் என்று பெயர். வீரகேரளம்புதூர்க்காரர். நான்கில் சிறிய கம்பெனியில் விற்பனை மேலாளராக இருந்தவர். முதலாளிகள் நாலு பேரும் சீசன் நேரத்தில் குற்றாலத்தில் ஒரு பங்களாவில் இரண்டு நாள் தங்கி மாவட்டங்களைப் பங்கு பிரித்தார்கள், நான் கூட இருந்து எழுதிக் கொடுத்தேன் என்று விசாரணை அதிகாரியிடம் வாக்குமூலம் கொடுத்திருந்தார்.

தங்கியதை எங்கள் தரப்பு மறுக்கவில்லை. பங்களாக்காரரின் பதிவேடு இருந்ததால் மறுக்கவும் முடியாது. நாலு பேரும் ஒரே மாதிரி பதில் சொன்னார்கள்: நண்பர்கள், சீசனுக்கு வந்தோம், காலையும் மாலையும் அருவியில் குளித்தோம், சாப்பிட்டோம், தூங்கினோம், வியாபாரம் பேசவில்லை. என் கட்சிக்காரருக்கான பிரமாணப் பத்திரத்தை நான்தான் தயார் செய்தேன். பேரருவியில் எத்தனை மணிக்குக் குளித்தார், ஐந்தருவிக்கு எப்போது போனார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, தேதி போட்டு, அழகாக எழுதினேன். அந்த இரண்டு தேதிகளை அந்த வழக்கில் எத்தனை தடவை எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை. அதில் இரண்டாவது தேதி உன் ஒன்பதாவது பிறந்தநாள். ஒரு தடவைகூட எனக்கு அது உறைக்கவில்லை.

பத்திரம் தாக்கலாகி, டெல்லியில் குறுக்கு விசாரணைக்கு ஒரு வாரம் இருந்தபோது வழக்குக் கட்டோடு ஊருக்கு வந்திருந்தேன். உனக்கு அப்போது பதினோரு வயது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு மேசையில் காகிதங்களைப் பரப்பி வைத்திருந்தேன். நீ தயிர்சோற்றைத் தள்ளி வைத்துவிட்டு ஒரு பக்கத்தை எடுத்து எழுத்துக்கூட்டி வாசித்தாய். "ம்மா, இது என் பெர்த்டேல்லா?" என்றாய். நான் திரும்பிப் பார்த்தேன். "மெயின் ஃபால்ஸ்ல குளிச்சோம்னு போட்டிருக்கு. அன்னைக்கு எங்க குளிக்க விட்டாவ? ஆர்ச்சுக்கு மேல தண்ணி விழுந்துதே. போலீஸ் கயிறு கட்டி நிப்பாட்டிட்டாவல்லா. நான்கூட அழுதேன்."

நீ அழுதாய். அந்தப் பிறந்தநாளுக்காக நான் இரண்டு நாள் விடுப்பு எடுத்து வந்திருந்தேன். பேரருவியில் அப்பா தோளில் உட்கார்ந்து குளிக்க வேண்டும் என்று ஒரு மாதமாகச் சொல்லி வைத்திருந்தாய். மலையில் பெய்த மழையில் வெள்ளம் வந்து, முந்தின நாள் விடிகாலையிலேயே எல்லா அருவியிலும் குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள். முதல் நாள் போய்த் திரும்பினோம். நாளைக்குத் திறந்துவிடுவார்கள் என்று உன்னைச் சமாதானப்படுத்தி மறுநாளும் போனோம். பேரருவிக்கு முன்னால் கட்டியிருக்கும் பாதுகாப்பு வளைவைத்தான் நம் ஊரில் ஆர்ச் என்போம், அதைத் தாண்டித் தண்ணீர் விழுந்தால் யாரையும் குளிக்க விடமாட்டார்கள்; அன்று பழுப்புத் தண்ணீர் அதைத் தாண்டி வந்து விழுந்துகொண்டிருந்தது. சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்கவில்லை. துண்டும் எண்ணெயுமாக வந்த கூட்டம் முழுவதும் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றது. உன் அப்பா மங்குஸ்தான் வாங்கிக் கொடுத்தார். நீ தின்னவில்லை. வழியெல்லாம் விசும்பிக்கொண்டே வந்தாய்.

இதெல்லாம் நொடியில் எனக்கு நினைவுக்கு வந்துவிட்டது. நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். "அப்போ இவங்க பொய் சொல்லுதாவ. நீ ஜட்ஜுகிட்ட சொல்லிருவேல்லா?" என்று கேட்டாய். "சொல்லுதேன், நீ சாப்பிடு" என்றேன். நீ நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டு விளையாடப் போய்விட்டாய். உனக்கு இது நினைவிருக்காது. எனக்கு நினைவிருக்கிறது, அந்த வழக்கில் நான் சொன்ன முதல் பொய் அதுதான்.

நான் ஒன்றுமே செய்யாமல் இருக்கவில்லை என்று அந்த நாட்களில் எனக்கு நானே சொல்லிக்கொண்டது உண்டு. மறுநாள் கட்சிக்காரருக்குப் போன் செய்து, "அந்த ரெண்டு நாளும் கண்டிப்பா குளிச்சீங்களா சார்?" என்று கேட்டேன். அவர் தயங்கவே இல்லை. "குத்தாலம் போயிட்டு யாராவது குளிக்காம வருவாங்களா மேடம்? ஒரு அருவி இல்லன்னா இன்னொரு அருவி" என்றார். எந்த அருவி என்று கேட்டிருக்கலாம். இரண்டு நாளும் நானே அங்கே நின்றேன், ஒன்றும் திறக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். "சரி சார்" என்று வைத்துவிட்டேன். நான் கேட்டேன், அவர் சொன்னார், என் கடமை முடிந்தது என்று எடுத்துக்கொண்டேன். வக்கீல் தொழிலில் இந்த இடம் ரொம்ப சௌகரியமான இடம். எத்தனை வருடம் வேண்டுமானாலும் அங்கே உட்கார்ந்திருக்கலாம்.

டெல்லியில் போட்டி ஆணையத்தின் விசாரணை அறை சின்னது. நீண்ட மேசை, ஒரு பக்கம் நாங்கள் நான்கு கம்பெனி வக்கீல்கள், எதிரில் புகார் தரப்பு வக்கீல், ஓரத்தில் தட்டச்சு செய்பவர். கனகராஜ் முழுக்கைச் சட்டை போட்டு, கழுத்துப் பொத்தானையும் மாட்டிக்கொண்டு வந்திருந்தார். ஆங்கிலம் ஓரளவு புரியும், பேச வராது என்றார். அதனால் ஒரு மொழிபெயர்ப்பாளரை வைத்திருந்தார்கள். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளை, பாவம், நம் பக்கத்துப் பேச்சு அவனுக்குப் பிடிபடவில்லை. நான் தமிழில் கேட்டிருக்கலாம். பதிவு ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்பதைச் சாக்காக வைத்து ஆங்கிலத்திலேயே கேட்டேன். நான் தென்காசிக்காரி என்று அந்த மனிதருக்குத் தெரிய வழியே இல்லை.

அவர் வேலையிலிருந்து விலகிய விதம், சம்பள உயர்வு கேட்டு மறுக்கப்பட்டது, பங்களாவின் அறை எண் நினைவில்லாதது என்று வரிசையாகக் கேட்டேன். கோபத்தில் பழி வாங்குகிறார் என்று காட்டுவதுதான் என் திட்டம். அவர் பொறுமையாகவே பதில் சொன்னார். அருவியில் குளிக்கப் போனார்கள் என்று நாலு பேர் சத்தியம் செய்திருக்கிறார்களே, நாலு பேரும் பொய்யர்களா என்று கேட்டபோதுதான் அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "குளிச்சாங்களா? எங்கன குளிச்சாங்க? ரெண்டு நாளும் ஆர்ச்சுக்கு மேல தண்ணி விழுந்துதுங்க. ஒரு ஆளை உள்ள விடல. ஊருக்கே தெரியும்" என்றார். மொழிபெயர்ப்பாளன் ஒரு கணம் விழித்தான். ஆர்ச் என்பது என்ன என்று அவனுக்குத் தெரியவில்லை. தண்ணீர் மேலிருந்து விழுந்தது என்பதை வைத்து, அன்று பலத்த மழை, அதனால் யாரும் குளிக்கவில்லை என்கிறார் என்று ஆங்கிலத்தில் சொன்னான். தட்டச்சில் அது அப்படியே ஏறியது.

அந்த அறையில் அவர் சொன்னது முழுவதும் புரிந்த ஒரே ஆள் நான். திருத்த ஒரு வாக்கியம் போதும். அதற்குப் பதிலாக அந்தக் கேள்வியைக் கேட்டேன். நீ போனில் சொல்லிக் காட்டிய அதே கேள்வி. மேசையைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். கனகராஜுக்கு அந்த அளவு ஆங்கிலம் புரிந்தது. முகம் சிவந்துவிட்டது. "நான் மழைன்னு சொல்லலைங்க, தடைன்னுல்லா சொல்லுதேன்" என்றார். மொழிபெயர்ப்பாளன் அதைச் சொல்ல வாயெடுக்குமுன், சாட்சி பதில் சொல்லியாயிற்று, அடுத்த கேள்விக்குப் போகிறேன் என்றேன். அந்த வாக்கியம் பதிவிலேயே இல்லை. உனக்குக் கொடுத்த தாளில் நீ எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. அடுத்த கேள்விகளுக்கு அவர் ஆம், இல்லை என்று மட்டும் சொன்னார். அதைத்தான் உன் சீனியர் உட்கார வைத்ததாகச் சொல்கிறார்.

புகார் ஆதாரமில்லை என்று முடிக்கப்பட்டது. வாழ்த்துச் சொல்லி வந்த போன்களில் நான் உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன் என்பதையும் உன்னிடம் மறைக்கக் கூடாது. மனச்சாட்சி உறுத்தித் தூக்கம் வராமல் தவித்தேன் என்றெல்லாம் எழுதினால் அழகாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. நன்றாகத்தான் தூங்கினேன். அடுத்த வழக்கு வந்தது. அதற்கடுத்ததும் வந்தது.

எட்டு ஒன்பது மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை ஊரில் இருந்தேன். உன் அப்பாவுக்குக் காய்ச்சல் விட்டிருந்த நேரம், துணைக்குக் கடையில் உட்கார்ந்திருந்தேன். தோளில் பையோடு ஒருவர் வந்து, கயிறு, சணல் மாதிரிகளை மேசையில் எடுத்துப் பரப்பினார். "அண்ணாச்சி, நம்ம கயித்த ஒரு தடவ போட்டுப் பாருங்க. மதினி, நீங்க சொல்லுங்க, இழுத்துப் பாருங்க எப்படி இருக்குன்னு" என்று கயிற்றை என் பக்கம் நீட்டினார். நீட்டிய கை அப்படியே நின்றது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அடையாளம் கண்டுகொண்டோம்.

"மேடம் நீங்களா? இங்கன எப்படி?" என்றார்.

"இவ எம் பொஞ்சாதிதான். ஆய்க்குடி. மெட்ராஸ்ல வக்கீலு" என்றார் உன் அப்பா, பெருமையாக.

கனகராஜ் கயிற்றைச் சுற்றி வைத்தார். பிறகு லேசாகச் சிரித்தார். "ஆய்க்குடியா? தெரியாமப் போச்சே. தெரிஞ்சிருந்தா ஆர்ச்சுன்னா என்னன்னு உங்ககிட்டயே கேக்கச் சொல்லியிருப்பேன்" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை, கைக்கு எட்டாமல் போன ஒன்றைச் சொல்வதுபோல் சொன்னார். அந்தத் தொழிலில் எந்தக் கம்பெனியும் அவரை வேலைக்கு எடுக்கவில்லை என்பதும், பஸ் பஸ்ஸாக ஏறிக் கயிறு விற்கிறார் என்பதும் உன் அப்பா விசாரித்ததில் தெரிந்தது. அவர் போனதும் உன் அப்பா என்ன விஷயம் என்று கேட்டார். தேதியை மட்டும் சொன்னேன். அவர் உடனே, "ஏட்டி, அன்னைக்கு நாமல்லா கயித்துப் பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்தோம்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "அது உனக்கு அப்பவே ஞாபகம் இருந்துதா?" என்று கேட்டார். வந்த ஆளுக்கு விதை எடுத்துக் கொடுக்க எழுந்து போய்விட்டேன். அவர் கேட்டதற்கு இந்தக் கடிதத்தில்தான் பதில் சொல்கிறேன்: ஆமாம், இருந்தது.

அந்த வாரமே கட்சிக்காரரை நேரில் பார்த்து, புகார் தரப்பு மேல்முறையீடு செய்திருக்கிறது, பிரமாணப் பத்திரத்தைத் திருத்துங்கள் என்றேன். ஜெயித்த வழக்கைத் தோற்கச் சொல்கிற வக்கீலை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். வழக்கிலிருந்து விலகினேன். விலகியபின், அந்த மேல்முறையீட்டைக் கேட்கும் டெல்லித் தீர்ப்பாயத்துக்கு ஒரு பக்கத்தில் மனு எழுதினேன். அந்தச் சாட்சியின் பதில் தவறாக மொழிபெயர்க்கப்பட்டிருக்கிறது, எனக்குத் தமிழ் தெரியும், அவர் சொன்ன சொற்கள் இவை, அவற்றின் பொருள் இது என்று. கட்சிக்காரர் சொன்ன எதையும் அதில் சேர்க்கவில்லை. தீர்ப்பாயம் காவல்துறையிடம் கேட்டு அனுப்பியது. தடை இருந்ததற்கான பதிவு வந்தது. வழக்கு மறுபடி விசாரணைக்குப் போய், நாலு கம்பெனிக்கும் அபராதம் விழுந்தது. பழைய கட்சிக்காரர் என்மேல் புகார் கொடுத்தார். இரண்டு வருடம் இழுத்து அது தள்ளுபடியானது. அதற்குள் பெரிய கம்பெனிகள் ஒவ்வொன்றாக வேறு இடம் பார்த்துக்கொண்டன. யாரும் முகத்துக்கு நேராக ஒன்றும் சொல்லவில்லை. போன் வருவது நின்றது, அவ்வளவுதான். நான் ஊருக்கு வந்து சேர்ந்ததன் கதை இது.

இதைக் கேட்டுவிட்டு அம்மா நியாயமாக நடந்துகொண்டாள் என்று நீ முடிவுக்கு வந்துவிடாதே. மொழிபெயர்ப்பில் பிழை என்று எழுதினேன். பிழை என்று அந்த நிமிடமே எனக்குத் தெரியும், தெரிந்துதான் பேசாமல் இருந்தேன் என்று எழுதவில்லை. அந்த ஒரு வரியை எழுதியிருந்தால் என் வக்கீல் பதிவே போயிருக்கும். எழுதாததால் பழி முழுவதும் அந்த மொழிபெயர்ப்புப் பையன்மேல் விழுந்தது. அவனை அதற்குப்பின் கூப்பிடுவதில்லை என்று கேள்விப்பட்டேன். அவன் பெயர்கூட எனக்குத் தெரியாது.

கம்பெனிகளுக்காக வாதாடுவது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. தப்புச் செய்த கம்பெனிக்கும் வக்கீல் வேண்டும். நீ செய்யப் போகும் வேலை மரியாதையான வேலை. பிரமாணப் பத்திரத்தில் இருந்த தேதியைப் பார்த்து நீ கேட்ட அந்த ஞாயிற்றுக்கிழமையே நான் என் கட்சிக்காரரை உட்கார வைத்து, முதலில் போய் உண்மையைச் சொல்கிறவருக்குச் சட்டம் அபராதத்தைக் குறைக்கிறது, மற்ற மூவருக்கு முன்னால் நாம் போவோம் என்று சொல்லியிருந்தால், கடைசியில் அவர் கட்டியதில் ஒரு பகுதியோடு தப்பியிருப்பார். வக்கீலாக அதுதான் அவருக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய யோசனை. எனக்கோ ஜெயிக்க வேண்டியிருந்தது. அவருடைய நன்மையும் எனக்கு இரண்டாம்பட்சமாகிவிட்டது. இதை நான் புரிந்துகொள்ளவே பல வருடம் ஆயிற்று.

உன்னிடம் கேட்பது ஒன்றுதான். உன் சீனியரிடம் அந்தப் பதிவோடு தீர்ப்பாயத்தில் இருக்கும் என் ஒரு பக்க மனுவையும் கேட்டு வாங்கி வாசி. இந்தக் கடிதத்தை அவருக்குக் காட்டுவதா வேண்டாமா என்பது உன் விருப்பம். காட்டினால் என் பேர் கெடும் என்று யோசிக்காதே. உன் வேலைக்கு ஏதாவது வரும் என்று தோன்றினால் அதை மட்டும் யோசி. காட்டாவிட்டாலும் உன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் வராது. பயந்தவள் நான், உன்னைத் தைரியமாக இரு என்று எந்த வாயால் சொல்வேன்?

கனகராஜின் பெயரை எழுத அவரிடம் கேட்க வேண்டும் என்று இன்று காலை பஸ் பிடித்து வீரகேரளம்புதூருக்குப் போனேன். இப்போது அவர் தார்ப்பாய்க்கு ஓரம் தைத்து வளையம் அடித்துக் கொடுக்கும் சின்னப் பட்டறை வைத்திருக்கிறார். தலை நரைத்துவிட்டது. எனக்குக் காபி வாங்கி வர ஆள் அனுப்பினார். நான் எழுதியதை வாசித்துக் காட்டினேன். பையனுக்குத்தான எழுதுதீங்க, பேரைப் போட்டுக்கோங்க என்றார். அவர் சொன்னது அந்த அறையிலேயே எனக்குப் புரிந்தது என்ற பகுதியை வாசிக்கும்போது தையல் மிஷினிலிருந்து காலை எடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கிளம்பும்போது, "ஒண்ணு கேக்கட்டுமா? உங்களுக்கு இதுல ஒரு லாபமும் இல்லையே, வேலையும் போச்சு. ஏன் சாட்சி சொல்ல வந்தீங்க?" என்றேன். அன்று அவ்வளவு கேள்வி கேட்ட நான் இதை மட்டும் கேட்டிருக்கவில்லை. கேட்டால் என்ன பதில் வருமோ என்ற பயம் வக்கீலுக்கு உண்டு. கோபம், சம்பளம், பழி என்று நானே காரணம் வைத்துக்கொண்டேன்.

யோசிக்க அதில் என்ன இருக்கிறது என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

"அந்த ஆபீசர் வந்து, குத்தாலத்துல என்ன நடந்துதுன்னு கேட்டாரு. நடந்ததைச் சொன்னேன். வேற என்னத்தச் சொல்ல?" என்றார்.

உன் அம்மா